ஏவிவிட்டு மறப்பதா?



சாமுவேல் முதலாம் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தின் கடைசியில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. ஞாயிறு வாசகங்களில் அது வருவதில்லை. ஆகையால் நம்மில் பலர் அதைக் கேட்டிருக்க மாட்டோம். சவுல் அரசனாயிருந்த அந்நாட்களில் இஸ்ராயேல் தேசம் முழுவதிலும் ஒரு கொல்லன்கூட இருக்கவில்லையாம். எபிரேயர் வாளோ ஈட்டியோ செய்துகொள்ளக் கூடாதென்று பிலிஸ்தியர் அப்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். விளைவு என்ன? கலப்பைக் கொழுவையும் மண்வெட்டியையும் கோடரியையும் தீட்டிக்கொள்வதற்குக்கூட இஸ்ராயேல் உழவன் மலையிறங்கிப் போய்ப் பகைவனின் பட்டறை வாசலில் கூலியோடு காத்து நிற்கவேண்டியிருந்தது. போர் நாள் வந்தபோது சவுலையும் அவன் மகன் யோனத்தானையும் தவிர வேறொருவர் கையிலும் வாளில்லை.

படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர்கள் இதைச் சட்டென விளங்கிக்கொள்வார்கள். விதைப்புக்கு மழை விழுந்துவிட்ட நேரத்தில், தேய்ந்த கொழுவைக் கையில் வைத்துக்கொண்டு பிறன் தயவுக்குக் காத்திருப்பதென்றால் எப்படியிருக்கும்?

வேதாகமம் கொல்லனைப் பழிப்பதில்லை. உலோகத் தொழிலுக்கு முதல்வன் என்று ஆதியாகமம் சொல்லும் தூபால்காயின், தம்பியைக் கொன்ற காயினின் வம்சத்தில் வந்தவன் என்பது மெய்தான். ஆனால் உடன்படிக்கைக் கூடாரத்தின் பொன், வெள்ளி, வெண்கல வேலைகளுக்கென்று ஆண்டவரே பெயர் சொல்லி அழைத்துத் தமது ஆவியால் நிரப்பிய பெசலேலும் அதே உலைக்களத்து மனிதன்தான். பட்டறையில் எரிகிற நெருப்பு ஒன்றே. அங்கிருந்து வெளியே போகும் பொருள் எங்கே போகிறது, போன பின்பு அதைச் செய்தவன் அதை நினைக்கிறானா என்பதே நாம் இன்று கேட்கவேண்டிய கேள்வி.

பிலிஸ்தியன் பட்டறைக் கதை நம் காலத்திலும் நடந்திருக்கிறது. இந்தியா 1962 இல் சீனாவோடும் 1965 இல் பாகிஸ்தானோடும் போரிட்டது. இரண்டாவது போரின்போது அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுதம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பிறன் பட்டறையை நம்பியிருந்தால் வேண்டிய நேரத்தில் கதவு சாத்தப்படும் என்ற பாடத்தை அந்த நாடு அப்போது கற்றுக்கொண்டது. 1970 இல் ஐதராபாத் நகரில், பாதுகாப்பு அமைச்சின் கீழ், ஏவுகணைகள் செய்வதற்கென்றே ஓர் அரசாங்கக் கம்பனி தொடங்கப்பட்டது. பாரத் டைனமிக்ஸ் என்பது அதன் பெயர். காஞ்சன்பாக்கில் முதற் தொழிற்சாலை. பின்னர் பானூரிலும் விசாகப்பட்டினத்திலும் வேறு தொழிற்சாலைகள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் அடுப்பு மூட்டுகின்றன, பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றன, பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கின்றன. அங்கே உழைக்கிறவர்கள் கொடியவர்கள் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், ஆயுதத் தொழிலைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் தொழிலாளியைத் திட்டிவிட்டு, ஆயுதம் வாங்குகிற அரசுகளை விட்டுவிடுவது வழக்கமாய்ப் போயிற்று.

அங்கே செய்யப்படுவது வழிகாட்டப்படும் ஏவுகணை. நமக்குப் பழக்கமான செல்லைப்போன்றதல்ல அது. செல் குழாயை விட்டுப் புறப்பட்டால் அதோடு சரி. காற்று தள்ளினாலும், கணக்குப் பிசகினாலும், போகிற இடத்துக்குப் போய் விழும். வழிகாட்டப்படும் ஏவுகணையோ புறப்பட்ட பின்பும் திருப்பப்படக்கூடியது. அந்தத் திருப்புகிற வேலையை யார் செய்கிறார், எதைக்கொண்டு செய்கிறார் என்பதில்தான் அந்தத் தொழிலின் முழு வளர்ச்சியும் அடங்கியிருக்கிறது. பாரத் டைனமிக்ஸ் செய்த டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அந்த வளர்ச்சி நன்றாகத் தெரியும். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இது பொறியியல் பாடம்போலத் தோன்றினாலும், முடிவில் ஆத்துமத்தைப் பற்றிய விஷயமாகவே வந்து நிற்கும்.

அந்தக் கம்பனி முதலில் செய்தது எஸ்.எஸ். 11 என்ற பிரெஞ்சு ஏவுகணை. பிரான்சிடம் உரிமம் பெற்று அதைச் செய்தார்கள். ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரம் போகும். அதன் வாலிலிருந்து மெல்லிய கம்பி அவிழ்ந்துகொண்டே போகும். வாலில் ஒரு சுடர் எரியும். ஏவியவன் கையில் ஒரு சிறு பிடி. அவன் அந்தச் சுடரையும் பார்க்கவேண்டும், தூரத்து டாங்கியையும் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவரக் கையால் திருப்பிக்கொண்டேயிருக்க வேண்டும். முழுத் தூரமும் போவதற்கு இருபது விநாடி அளவு ஆகும். நாம் அவசரமில்லாமல் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம். அந்த நேரம் முழுவதும் அவன் கண்ணை எடுக்க முடியாது. எதிரே இருப்பது ஓர் இரும்புப் பெட்டி மாத்திரமல்ல, உள்ளே மனிதர் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். கடைசி விநாடியில் அவன் மனம் மாறினாலும், கையைத் திருப்பி அதை வேறு பக்கம் விழச் செய்யலாம்.

அடுத்து வந்தது மிலான். அதுவும் பிரான்சின் வழியாக வந்ததே. 1980களில் ஐதராபாத்தில் உற்பத்தியானது. இதில் ஏவுகணையை மனிதன் திருப்பவேண்டியதில்லை. கண்ணாடியில் தெரியும் சிலுவைக்குறியை இலக்கின்மேல் வைத்துக்கொண்டிருந்தால் போதும். மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். 2 கிலோமீற்றர் தூரம். பன்னிரண்டு, பதின்மூன்று விநாடி. கைக்கு வேலை குறைந்தது. ஆனால் கண் இன்னும் இலக்கின்மேல்தான் இருக்கவேண்டும். ரஷ்யர்களிடமிருந்து வந்த கொன்கூர்ஸ் என்பதும் ஏறத்தாழ இதே வகையைச் சேர்ந்தது.

மூன்றாவது நாக். 1983 இல் இந்திய அரசு ஐந்து ஏவுகணைகளை ஒன்றாக உருவாக்கும் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. பிருதிவி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்கினி என்பன அந்த ஐந்து. நாக் அவற்றுள் டாங்கிகளுக்கானது. அதன் இறுதிப் பரிசோதனை முடிய 2020 ஆம் ஆண்டாயிற்று, முப்பத்தேழு வருடம்! ஏன் இத்தனை காலம்? அதன் தலையில் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். பொருள்களிலிருந்து எழும் வெப்பத்தைப் படமாகக் காணும் கண் அது. ஏவுவதற்கு முன்னே இலக்கை அதற்குக் காட்டிவிட்டால், பின்பு அதுவே தேடிப் போய், மேலெழுந்து, டாங்கியின் மெல்லிய மேற்தகட்டில் இறங்கும். ஏவியவன் அங்கே நிற்கவேண்டியதில்லை, பார்க்கவேண்டியதுமில்லை. படைத்துறையார் இந்த வகைக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால், "ஏவிவிட்டு மறந்துவிடு" என்று வரும்.

படைவீரனின் உயிரைக் காப்பாற்றவே அப்படிச் செய்திருக்கிறார்கள். கண்ணெடுக்காமல் இருபது விநாடி ஒரே இடத்தில் இருப்பவனை எதிரி சுட்டுவிடுவான். அது நியாயமான அக்கறைதான். ஆனாலும் அந்தப் பெயரைக் கவனியுங்கள். முதலில் கை விலகியது. பிறகு கண் விலகியது. இப்போது நினைவும் விலகலாம் என்று பெயரே அனுமதி தருகிறது.

நமது வாவியில் இரவில் வலை கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற மீனவனும் ஒருவகையில் ஏவிவிட்டுப் போகிறவன்தான். ஆனால் விடியுமுன் அவன் தோணியைத் தள்ளிக்கொண்டு போய் வலையைத் தூக்கிப் பார்க்கிறான். என்ன பட்டது, எது வீணாய்ச் செத்தது என்று அவன் கண்ணாலேயே காண்கிறான். பட்ட குஞ்சைத் திருப்பி நீரில் விடுகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஏவிய இடத்துக்குத் திரும்பிப் போகாத வேட்டை நமது மீனவருக்குத் தெரியாதது.

இங்கே வாசகர்களில் சிலர் மறுப்புச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். "சுவாமி, வழிகாட்டப்படாத ஆயுதம் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். குறிபார்த்து விழுகிறது நல்லதல்லவா?" 2006 நவம்பர் 8 ஆந் திகதி வாகரைப் பக்கம் கதிரவெளியில், பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த அகதிக் குடும்பங்கள்மேல் எறிகணைகள் விழுந்தன. பிள்ளைகளும் தாய்மாரும் மாண்டார்கள். அந்த மாவட்டத்து மக்களிடம் போய், குறிதவறாத ஆயுதமும் குறியே இல்லாத ஆயுதமும் ஒன்றுதான் என்று எவனாவது பிரசங்கித்தால், அவனுக்குப் பிரசங்க மேடையில் நிற்கும் யோக்கியதை இல்லை. ஒன்றல்ல. திருச்சபையும் ஒன்றென்று சொல்லவில்லை. 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், நகரங்களையும் பரந்த பிரதேசங்களையும் அவற்றின் குடிகளோடு வேறுபாடின்றி அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமென்று சங்கத் தந்தையர் கடுமையாகக் கண்டித்தார்கள். அதே ஏட்டில், சமாதான வழிகள் எல்லாம் தீர்ந்தபின் தன் மக்களைக் காத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டென்றும், அந்த மனப்பான்மையோடு படையில் இருப்பவன் சமாதானத்துக்குத் துணை செய்கிறான் என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே ஏவுகணைகளையும் ஒரே கூடையில் போட முடியாது. ஆகாஷ் என்பது குண்டு போட வரும் விமானத்தை வானத்தில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தூரத்திலேயே வீழ்த்துவதற்கானது. தலைக்குமேல் விமானம் சுற்றும்போது பங்கருக்குள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செபமாலை உருட்டிய தாய்க்கு, அப்படி ஒரு கேடயம் என்றால் என்ன என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. அக்கினியோ ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி ஒரு பட்டினத்தின்மேல் அணுகுண்டைக் கொண்டுபோய் இறக்கக்கூடியது. இரண்டும் ஒரே திட்டத்தில் பிறந்தவை. ஒரே கம்பனியின் வாசலால் இரண்டும் வெளியே போகலாம். ஆனால் மனச்சாட்சியின் தராசில் ஒரே எடை அல்ல.

குறிதவறாமை பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஏவுகணை, காட்டிய இடத்தைத் தவறவிடாது. காட்டிய இடமே தவறாயிருந்தால்? அந்த வீட்டில்தான் எதிரி இருக்கிறான் என்று பிழையான தகவல் வந்தால்? ஏவுகணை அதைக் கேட்பதில்லை. வெப்பத்தைக் காணும் அந்தக் கண், இயந்திரத்தின் சூட்டைக் காணும். உள்ளே இருப்பவன் சரணடைய நினைத்தானா என்பதைக் காணாது. கூர்மை கூடக் கூட, காட்டுகிறவனின் பொறுப்பு கூடுகிறது; குறைவதில்லை. ஆனால் நடைமுறையில் கூர்மை கூடியதும் மனிதர் தங்கள் பொறுப்பை இயந்திரத்தின் தலையில் வைத்துவிடுகிறார்கள்.

காயின் செய்ததும் இதுதான். ஆபேல் எங்கே என்று ஆண்டவர் கேட்டபோது, தெரியாது என்றான். தம்பிக்குக் காவலாளியா நான் என்று திருப்பிக் கேட்டான். வயலில் செய்ததை வயலோடு விட்டுவிட்டு வந்தவன் அவன். மறந்துவிட்டவனிடம் ஆண்டவர் சொன்ன பதில் என்ன? மண் மறக்கவில்லை என்றார். சிந்திய இரத்தம் நிலத்திலிருந்து தம்மை நோக்கிக் கூப்பிடுகிறது என்றார்.

நிலம் மறக்காது என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஏவிவிட்டு மறக்கும் ஆயுதங்களில் மிகப் பழையதும் மிக மலிவானதும் கண்ணிவெடிதான். புதைத்தவன் போய்விட்டான்; சில வேளை செத்தும்விட்டான். போர் ஓய்ந்தது, மாடு மேய்க்கப் போன பையனின் கால் போனது. புதைத்தவன் மறந்ததை யாரோ ஒருவர் நினைவுபடுத்திக் கொள்ளவேண்டியிருந்தது. முழங்காலில் இருந்து, கவசம் அணிந்து, வெயிலில், அங்குலம் அங்குலமாகத் துழாவித் தோண்டினார்கள், நம் பெண்பிள்ளைகளும் கூட. 2017 இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே வருடக் கடைசியில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும், 2018 இல் கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஓர் ஆயுதத்தையே வேண்டாமென்று விலக்கிவைக்க மனிதரால் முடியும் என்பதற்கு இவை சாட்சி.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய்க்கு வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், நாடுகள் ஆயுதத்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியையாவது ஒதுக்கி, ஏழை மக்களுக்காக ஓர் உலக நிதியை ஏற்படுத்துங்கள் என்று கேட்டார். 1967 இல் மக்களின் முன்னேற்றம் பற்றிய தம் சுற்றுமடலிலும் அதை வற்புறுத்தினார். அப்படி ஒரு நிதி வரவில்லை. வந்தது வேறொன்று. பாரத் டைனமிக்ஸ் கம்பனியின் பங்குகள் 2018 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தன. கையில் காசுள்ள எவரும் வாங்கலாம். 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டபோதும் அதன் பின்பும் இந்திய ஆயுதக் கம்பனிகளின் பங்கு விலைகள் ஏறின. இதன் விலையும் ஏறியது. எல்லைக் கிராமங்களில் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிய அந்த நாட்களில், எங்கோ ஒரு நகரத்தில் குளிரூட்டிய அறையில் இருந்த ஒருவர் தன் கைப்பேசியைப் பார்த்து மகிழ்ந்திருப்பார். அவர் யாரையும் சுடவில்லை. சண்டை வரட்டும் என்று செபித்தவரும் அல்லர். ஆனாலும் சமாதானம் வந்தால் நட்டப்படுகிற இடத்தில் அவர் தன் முதலைப் போட்டுவிட்டார். செல்வம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உள்ளமும் இருக்கும் என்று ஆண்டவர் எச்சரித்தது இதைத்தான்.

இந்த ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் நமக்கு அந்நியரல்லர். கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்தில் 1931 இல் ஒரு தோணிக்காரர் வீட்டில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள். திருச்சியில் யேசு சபைக் குருக்கள் நடத்தும் புனித வளனார் கல்லூரியில் படித்தவர். அவருடைய கதையில் ஒரு தேவாலயமும் வருகிறது. 1960களின் தொடக்கத்தில், விண்ணாராய்ச்சிக்கான ரொக்கட்டுகளை ஏவுவதற்கு, காந்த மத்திய ரேகைக்குக் கிட்டிய ஓர் இடத்தை இந்திய விஞ்ஞானிகள் தேடினார்கள். கேரளத்தில் தும்பா என்ற மீனவக் கிராமம் அகப்பட்டது. ஆனால் அங்கே புனித மரிய மதலேனாள் ஆலயமும், மேற்றிராணியார் இல்லமும், மீனவர் குடிசைகளும் இருந்தன. விஞ்ஞானி விக்ரம் சாராபாய், திருவனந்தபுரம் மேற்றிராணியார் பீற்றர் பெர்னார்ட் பெரைரா ஆண்டகையிடம் போய்க் கேட்டார். ஆண்டகை தாமே தீர்மானிக்காமல், ஞாயிறு பூசையில் சனங்களின் முன்னால் விஷயத்தை வைத்தார். சனங்கள் ஒத்துக்கொண்டார்கள். (நமது கடலோரப் பங்குகளில் ஒன்றில் இப்படிக் கேட்டிருந்தால் பங்குச் சபைக் கூட்டம் ஒரு கிழமைக்கு முடிந்திராது!) ஆலயம் அலுவலகமாயிற்று, ரொக்கட்டின் பாகங்கள் சைக்கிளில் வந்து இறங்கின. 1963 நவம்பர் 21 ஆந் திகதி அங்கிருந்து முதலாவது ரொக்கட் வானத்தில் ஏறியது. காற்றுமண்டலத்தை ஆராயப் போனதே தவிர, யாரையும் கொல்லப் போனதல்ல.

அங்கே ஊன்றிய அறிவு இரண்டு கிளையாகப் பிரிந்தது. 1980 யூலையில் கலாம் குழுவினரின் எஸ்.எல்.வி. 3 என்ற ரொக்கட் ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் ஏற்றியது. 1989 மே மாதம் பரிசோதிக்கப்பட்ட முதல் அக்கினி ஏவுகணையின் முதற் கட்டம், அதே எஸ்.எல்.வி. 3 இன் முதற் கட்டம்தான். வாளைக் கொழுவாக அடிக்கும் காலம் வரும் என்று தீர்க்கதரிசி இசையாஸ் கண்ட காட்சியை நாமெல்லாம் அறிவோம். கொழுவை வாளாக அடியுங்கள் என்று யோவேல் தீர்க்கதரிசியின் நூலில் ஓர் அழைப்பு இருப்பதை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. பட்டறைக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும்.

மறுபக்கமும் அது திறந்தது என்பதைக் கலாம் அவர்களே பலமுறை மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். ஐதராபாத் நிசாம் மருத்துவ நிலையத்தின் எலும்பு வைத்தியர் ஒருவர் ஏவுகணை ஆய்வுகூடத்துக்கு வந்தபோது, அக்கினிக்காக உருவாக்கிய ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, அதன் இலேசைக் கண்டு வியந்தார். கலாமைத் தன் வைத்தியசாலைக்கு அழைத்துப் போனார். அங்கே இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய சின்னஞ்சிறுசுகள், ஒவ்வொன்றும் 3 கிலோவுக்கு மேற்பட்ட இரும்புத் தாங்கிகளைக் காலில் மாட்டி இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்று கிழமைக்குள் ஆய்வுகூடத்தில் 300 கிராம் நிறையில் தாங்கி செய்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். பெற்றோர் அழுதார்கள். தம் வாழ்க்கையின் பேரானந்தங்களில் ஒன்றாக அதை அவர் எண்ணினார். அக்கினி பறந்த நாளைக் கொண்டாடியவரே இப்படிச் சொன்னார். அந்தத் தாங்கியைச் செய்தவர்களுக்கு அது யார் காலுக்குப் போகிறது என்று தெரியும். போய்ப் பார்த்துவிட்டு வந்தல்லவா செய்தார்கள்?

அப்படியானால் கிறிஸ்தவன் ஒருவன் இத்தகைய தொழிற்சாலையில் வேலை செய்யலாமா?

இந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்கிறது. ஒரு நாள் காலைப் பூசை முடிந்தபின் ஒரு தாய் வந்தார். மகன் வெளிநாட்டில் பொறியியல் படித்து நல்ல வேலையில் இருக்கிறான். கம்பனி ஏவுகணைகளுக்கான மின்னணுப் பாகங்கள் செய்வதாக, விடுமுறைக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறான். வீட்டுக் கூரை அவன் காசில் போட்டது. தங்கச்சியின் கலியாணம் அவன் காசில் நடக்கப் போகிறது. அந்தத் தாய் தன் தமையனை எறிகணைக்குப் பறிகொடுத்தவர். "சுவாமி, மகன் அனுப்புற காசில நான் கோயிலுக்கு மெழுகுதிரி வாங்கலாமா?" என்று கேட்டார்.

1981 இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், அமரில்லோ மறைமாவட்டத்தில், இதே கேள்வி ஒரு மேற்றிராணியாரின் வாசலுக்கு வந்தது. அந்த ஊரருகே பான்ரெக்ஸ் என்ற தொழிற்சாலையில்தான் அமெரிக்காவின் அணுகுண்டுகள் பூட்டப்பட்டன. அங்கே வேலை செய்த ஒரு திருத்தொண்டரும் அவர் மனைவியும் மனம் உறுத்தி, மேற்றிராணியார் லீரோய் மத்தீசனிடம் ஆலோசனை கேட்டார்கள். அவர் கொஞ்சக்காலம் சிந்தித்தார். நியூத்திரன் குண்டு செய்ய அரசு தீர்மானித்ததும், ஆகஸ்ட் மாதம் பகிரங்கமாக ஓர் அறிக்கை விட்டார்: இத்தொழிலில் இருப்போர் தாங்கள் செய்வதை நன்றாக எண்ணிப் பார்த்து, சமாதானமான வேறு தொழிலைத் தேடவேண்டும் என்றார். வேலையை விடுவோருக்கு உதவ ஒரு நிதியும் ஏற்பட்டது. ஊர் அவர்மேல் பாய்ந்தது. மறைமாவட்டக் குடும்ப நலச் சேவைக்கு உள்ளூரில் கிடைத்துவந்த நன்கொடை நிறுத்தப்பட்டது. வேலையை விட்டவர்களோ மிகச் சிலரே.

அவர் கேட்டது பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஒரு பட்டினத்தை முழுதாய் அழிக்கும் குண்டு அது. சங்கம் அதைக் கண்டித்திருந்தது. ஆனால் வாகனத்தைத் தாக்கும் ஏவுகணைக்கும், விமானத்தை வீழ்த்தும் ஏவுகணைக்கும் பாகம் செய்கிற ஒவ்வொருவனையும் நாளைக்கே வேலையை விடு என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. திருச்சபை அப்படிக் கட்டளையிடவும் இல்லை. நான் அந்தத் தாயிடம் சொன்னது வேறு. மகன் செய்கிற பாகம் எந்த ஏவுகணையில் போய்ச் சேருகிறது என்று அவனுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். யாருக்கு விற்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்தால் வாசிக்கட்டும். அந்த நாடு அதைக்கொண்டு என்ன செய்தது என்ற செய்தியையும் வாசிக்கட்டும். தொழிலிடத்தில் இவற்றை வாய்திறந்து கேட்க முடிகிறதா என்று பார்க்கட்டும். கேட்க முடியாத இடமென்றால், அதே படிப்புக்கு வைத்தியசாலைக் கருவிகள் செய்கிற இடத்தில் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் வேலை உண்டு. தங்கச்சியின் கலியாணம் அதனால் ஒரு வருடம் பிந்தினால் பிந்தட்டும். அவன் மறந்துவிட்டு உழைக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றேன்.

"அவன் பிழையான பிள்ளை இல்ல, சுவாமி," என்றார் அந்தத் தாய்.

பிழையான பிள்ளையென்று நானும் நினைக்கவில்லை. மெழுகுதிரி வாங்கலாம் என்றேன். ஒன்றல்ல, இரண்டு வாங்கும்படி சொன்னேன். ஒன்று மகனுக்காக. மற்றது, அவன் செய்த பாகம் எங்கேயோ ஒரு நாள் போய் விழப்போகிற இடத்தில் இருக்கும் தாய்க்காக. அந்த இரண்டாவது திரியை யாருக்காக ஏற்றினீர்கள் என்று மகனுக்கு எழுதுங்கள் என்றேன்.

கடிதம் எழுதுகிற பழக்கமெல்லாம் விட்டுப் போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகன் போன் எடுப்பானாம். அப்போது சொல்வதாகச் சொல்லிவிட்டு, திரி வாங்கப் போனார்.